டிவிடிக்கு மாற்றிய வீடியோ சண்டித்தனம் செய்கிறதா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கலாம்

மாற்றிய வீடியோவில் கோளாறு தெரிந்தவுடன் கை தானாகப் போவது 'மறுபடி மாற்று' பொத்தானுக்குத்தான். அதைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே சுருக்கப்பட்ட வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றும்போது, அது விரிக்கப்பட்டு மீண்டும் சுருக்கப்படுகிறது. ஒவ்வொரு தடவையும் படத்திலிருந்து கொஞ்சம் போகும், போனது திரும்பி வராது. அதைவிட எரிச்சலான விஷயம், கோளாறு மாற்றியதில் இல்லாமலே இருக்கலாம். மூன்று மணி நேரம் கணினியை ஓடவிட்ட பிறகு, அதே தவறோடு இன்னொரு டிஸ்க் கைக்கு வரும்.

ஒரு டிவிடி உருவாக மூன்று கட்டங்கள் உண்டு. வீடியோவை எம்பெக்-2, அதாவது டிவிடிக்குரிய சுருக்க வடிவம், ஆக மாற்றுவது முதல் கட்டம். அதை டிவிடிக்குரிய ஃபோல்டர் அமைப்பில் அடுக்குவது இரண்டாவது. இதை ஆதரிங் என்பார்கள். பர்ன் செய்வது மூன்றாவது. கோளாறு எந்தக் கட்டத்தில் நுழைந்தது என்று முதலில் பாருங்கள். மாற்றிய எம்பெக் கோப்பைத் தனியாக ஓட்டுங்கள். அது சரியாக இருந்தால், ஆதரிங் முடிந்து வந்த 'வீடியோ டிஎஸ்' (VIDEO_TS) ஃபோல்டரை விஎல்சி என்ற இலவச பிளேயர் மென்பொருளில் திறந்து ஓட்டுங்கள். அதுவும் சரி என்றால் பழி பர்ன் செய்ததன் மேல் அல்லது பிளேயரின் மேல். பத்து நிமிடம்கூட ஆகாத வேலை இது.

ஒரு எச்சரிக்கை: விஎல்சி ரொம்ப நல்ல பிள்ளை. விதியை மீறிய கோப்பையும் முகம் சுளிக்காமல் ஓட்டிவிடும். 'கணினியில் ஓடுகிறதே' என்பது டிவிடி பிளேயரிலும் ஓடும் என்பதற்குச் சாட்சி ஆகாது. அதனால் மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கோப்புக்குள் என்ன கோடெக் (சுருக்கும் முறை), என்ன அளவு, நொடிக்கு எத்தனை ஃபிரேம், என்ன ஒலி என்று எல்லாவற்றையும் அது காட்டும். கீழே நான் பல இடங்களில் 'பாருங்கள்' என்று சொல்வது அதில் பார்க்கச் சொல்லித்தான்.

இன்னொன்றையும் முன்னாலேயே கேட்டுவிடுகிறேன். டிஸ்க்கில் ஏற்றுவது பிளேயரில் போட்டுப் பார்ப்பதற்கா, பத்திரமாக வைத்துக்கொள்வதற்கா? பத்திரப்படுத்த மட்டும் என்றால் மாற்றவே வேண்டாம். மூலக் கோப்பை அப்படியே டேட்டா டிஸ்க்காக எழுதிவிடுங்கள். 4 ஜிபியைத் தாண்டிய கோப்பாக இருந்தால், பர்ன் செய்யும் மென்பொருளில் யூடிஎஃப் (UDF) முறையைத் தேர்ந்தெடுங்கள். பழைய ஐஎஸ்ஓ 9660 முறையில் அவ்வளவு பெரிய ஒற்றைக் கோப்பு இடறும். எம்கேவியை எம்பி4 ஆக்குவதுதான் தேவை என்றால் அதற்கும் மறுசுருக்கம் பெரும்பாலும் வேண்டாம். உள்ளே இருக்கும் படமும் ஒலியும் அப்படியே இருக்க, உறையை மட்டும் மாற்றலாம். கோப்பை நகலெடுக்கும் நேரம்தான் ஆகும், தரம் இம்மியும் குறையாது.

பிளேயரில் பார்க்கத்தான் என்றால் மேலே படியுங்கள்.

'டிஸ்க் இல்லை' அல்லது 'இந்த வடிவம் தெரியாது' என்கிறது

நான் பார்த்தவரை முக்கால்வாசிப் பேருக்குக் காரணம் ஒன்றுதான்: எம்பி4 கோப்பை அப்படியே டிஸ்க்கில் இழுத்துப் போட்டிருப்பார்கள். அது டேட்டா டிஸ்க். வீடியோ டிவிடி என்றால் டிஸ்க்கின் முதல் மட்டத்தில் 'வீடியோ டிஎஸ்' ஃபோல்டர் இருக்க வேண்டும். அதற்குள் ஐஎஃப்ஓ, பியுபி, விஓபி என்ற மூன்று வகைக் கோப்புகள் மட்டும் இருக்கும். விஓபி ஒவ்வொன்றும் 1 ஜிபிக்குள் அடங்கியிருக்கும். எம்பெக் கோப்பின் பெயரை விஓபி என்று மாற்றி வைத்தால் பிளேயர் ஏமாறாது. சில பழைய பிளேயர்கள் 'ஆடியோ டிஎஸ்' (AUDIO_TS) என்ற வெற்று ஃபோல்டரையும் எதிர்பார்க்கும், அதையும் வைத்துவிடுங்கள்.

ஹேண்ட்பிரேக்கில் மாற்றினேன், ஆனாலும் டிவிடி ஆகவில்லையே என்று கேட்பவர்கள் நிறைய. அது டிவிடியிலிருந்து கோப்பு எடுக்கும் திசையில் போகும் மென்பொருள். எம்பி4, எம்கேவி, வெப்எம் உறைகளில்தான் எழுதும், டிவிடி அமைப்பை அது உருவாக்காது. அதற்கு டிவிடிஸ்டைலர் போன்ற ஒன்று வேண்டும்.

அமைப்பு எல்லாம் சரியாக இருந்தும் மறுக்கிறதா? டிஸ்க்கை 'ஃபைனலைஸ்' செய்தீர்களா, அதாவது எழுதியதை மூடி முடித்தீர்களா என்று பாருங்கள். செய்யாத டிஸ்க் எழுதிய டிரைவில் ஓடினாலும், மற்றவற்றில் பெரும்பாலும் ஓடாது. மறு எழுத்து டிஸ்க்குகள், அதாவது ஆர்டபிள்யூ, ஒளியைக் குறைவாகத் திருப்பி அனுப்புபவை. வயதான பிளேயர்கள் சில அவற்றைக் கண்டுகொள்ளாது. அதே உள்ளடக்கத்தை டிவிடி-ஆர் ஒன்றில் எழுதிப் பார்த்தால் விடை தெரிந்துவிடும்.

உதடு ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம்

அதிகம் பேரை அழவைப்பது இதுதான், ஆனால் காரணத்தை அழகாகக் காட்டிக்கொடுப்பதும் இதுதான். விலகல் எவ்வளவு, எப்படி வளர்கிறது என்று அளந்து பாருங்கள். தொடக்கத்தில் ஒரு இடம், நடுவில் ஒரு இடம், கடைசியில் ஒரு இடம் என மூன்று இடங்களில் யாராவது பேசுவதையோ கைதட்டுவதையோ கவனித்தால் போதும்.

மூன்று இடத்திலும் ஒரே அளவு விலகலா? அது வெறும் தொடக்கத் தாமதம். மறுசுருக்கம் தேவையே இல்லை. ஒலியையும் படத்தையும் மறுபடி இணைக்கும்போது அத்தனை மில்லிநொடி தள்ளிக் கொடுத்தால் முடிந்தது.

தொடக்கத்தில் சரியாக இருந்து, போகப் போகச் சீராக விலகுகிறதா? ஒரு மணி நேர முடிவில் எவ்வளவு என்று பாருங்கள். சுமார் 3.6 நொடி என்றால், 29.97 ஃபிரேம் வீடியோவை 30 என்று எடுத்துக்கொண்டிருக்கிறது, அல்லது 23.976ஐ 24 என்று. வித்தியாசம் ஆயிரத்தில் ஒன்றுதான், ஆனால் 3,600 நொடியில் அது இவ்வளவு ஆகிவிடும். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய இரண்டரை நிமிடம் விலகினால், 23.976 ஃபிரேம் திரைப்படத்தை 25க்கு வேகப்படுத்திவிட்டு ஒலியை மட்டும் பழைய வேகத்தில் விட்டிருக்கிறது. படத்தை வேகப்படுத்தினால் ஒலியையும் அதே 4 சதவீதத்துக்கு மேல் கொஞ்சம் வேகப்படுத்த வேண்டும். சுருதி மாறாமல் அதைச் செய்யும் வசதி பல மென்பொருள்களில் உண்டு. அதைப் போடாவிட்டால் எல்லோர் குரலும் கொஞ்சம் மெல்லிசாகும்.

குரல் அணில் கத்துவது மாதிரி ஆகிவிட்டதென்றால் அது வேறு கதை. சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸ் ஒலியை 48 என்று நினைத்து ஓட்டுகிறது. டிவிடி வீடியோவுக்கு 48 கிலோஹெர்ட்ஸ்தான் வேண்டும், ஆனால் அதைப் பெயருக்கு எழுதி வைத்தால் போதாது, மாதிரிகளையே மறுகணக்குப் போட்டு மாற்ற வேண்டும்.

இனி மோசமான வகைக்கு வருவோம். விலகல் சீராக இல்லை; இங்கே முன்னால், அங்கே பின்னால், சில இடத்தில் சரியாகவும் இருக்கிறது. கைப்பேசியில் எடுத்த வீடியோவா? திரைப் பதிவா? மீடியாஇன்ஃபோவில் ஃபிரேம் ரேட் 'மாறும்' வகை என்று இருக்கும், பாருங்கள். கைப்பேசி 30 ஃபிரேம் என்று சொன்னாலும் வெளிச்சம் குறைந்தால் தானாகக் குறைத்துக்கொள்ளும். எம்பி4 உறையில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் தனி நேரக் குறிப்பு இருப்பதால் அங்கே சிக்கல் வருவதில்லை. டிவிடிக்கு அந்தச் சலுகை கிடையாது, அதற்கு 25 என்றால் 25தான். நேரக் குறிப்பைப் பொருட்படுத்தாமல் ஃபிரேம்களை வரிசையாக எண்ணி அடுக்கும் மென்பொருளிடம் இந்தக் கோப்பு மாட்டினால் கதை கந்தல். மாற்றும்போது 'நிலையான ஃபிரேம் ரேட்' என்று கட்டாயப்படுத்துங்கள். அதை எம்பெக்-2 ஆக மாற்றும் அதே ஓட்டத்தில் செய்யுங்கள். இதற்கென்று நடுவில் ஒருமுறை சுருக்கி இன்னொரு முறை சுருக்க வேண்டாம்.

குறிப்பிட்ட ஒரு இடத்தில் சட்டென்று தாவி, அங்கிருந்து அதே விலகல் நீடித்தால், மூலக் கோப்பில் அந்த இடத்தில் ஃபிரேம்கள் உதிர்ந்திருக்கின்றன. அந்த இடத்தில் வெட்டி, இரு பகுதிகளுக்கும் தனித்தனி தாமதம் கொடுத்து ஒட்டுவதுதான் வழி. அலுப்பான வேலை, ஆனால் வேறு சுருக்கு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

படம் வருகிறது, சத்தமே இல்லை

ஒலி ஏஏசியாக இருக்கும். டிவிடி ஏற்கும் ஒலி ஏசி3, எம்பி2, அல்லது சுருக்காத பிசிஎம். ஒலியை மட்டும் ஏசி3க்கு மாற்றுங்கள், ஸ்டீரியோவுக்கு 192 கிலோபிட் போதும். படத்தைத் தொட வேண்டாம். சத்தம் இருந்தும் வசனம் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தால், 5.1 ஒலியை இரண்டாக்கும்போது நடு ஸ்பீக்கரின் தடம் விடுபட்டிருக்கும்.

முகம் நீண்டு போச்சு, அல்லது சப்பையாகிவிட்டது

பால் (PAL, இந்தியாவில் வழங்கும் தொலைக்காட்சி முறை) டிவிடியின் படம் வழக்கமாக 720க்கு 576 புள்ளி. என்டிஎஸ்சி (NTSC, அமெரிக்க முறை) என்றால் 720க்கு 480. அகலத் திரையானாலும் பழைய 4:3 ஆனாலும் எண் அதேதான். 16:9 ஆக விரிக்க வேண்டுமா, 4:3 ஆகவா என்று பிளேயருக்குச் சொல்வது ஒரு சிறு குறிப்பு மட்டுமே. முகம் கோணினால் பெரும்பாலும் அந்தக் குறிப்புதான் தவறு. ஆதரிங் மென்பொருளில் விகிதத்தைத் திருத்தி, மறுபடி அடுக்கினால் போதும், சில நிமிட வேலை. எம்பெக் கோப்பில் 16:9 என்றும் ஐஎஃப்ஓவில் 4:3 என்றும் முரண்பட்டால் பிளேயர் ஐஎஃப்ஓ சொல்வதைத்தான் கேட்கும்.

16:9ஐ விட அகலமான திரைப்படங்களுக்கு மட்டும் மேலும் கீழும் கறுப்புப் பட்டை தேவை. 1920க்கு 800 அளவுள்ள படத்தை 720க்கு 426 ஆக்கி, மேலே 75 வரி, கீழே 75 வரி கறுப்பு சேர்த்தால் 576 ஆகிவிடும். பட்டை சேர்க்காமல் 576க்கு இழுத்திருந்தால் குறிப்பை மாற்றிப் பயனில்லை, மறுபடி மாற்றித்தான் ஆக வேண்டும்.

கைப்பேசி வீடியோ படுத்துக்கொண்டே வருகிறதா? கைப்பேசிகள் பொதுவாகப் படத்தைத் திருப்புவதில்லை, '90 டிகிரி திருப்பிக் காட்டு' என்று ஒரு குறிப்பை எழுதிவிட்டுப் போய்விடும். சில மென்பொருள்கள் அதைப் படிப்பதில்லை. மாற்றும்போதே நிஜமாகத் திருப்பி, இரு பக்கமும் கறுப்பு நிரப்புங்கள்.

அசையும் இடங்களில் சீப்புப் பல் போன்ற கோடுகள். அல்லது அசைவு முன்னும் பின்னும் உதறுகிறது

பழைய கேம்கார்டர் டேப்புகளை மாற்றியவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். அந்தக் காலத்து வீடியோவில் ஒரு ஃபிரேம் என்பது இரண்டு அரைப்படங்கள்: ஒற்றை வரிகள் ஒரு கணம், இரட்டை வரிகள் அடுத்த கணம். குழாய்த் தொலைக்காட்சி அவற்றை மாறி மாறிக் காட்டும். கணினித் திரை இரண்டையும் ஒன்றாகக் காட்டுவதால் வேகமாக அசையும் கையின் ஓரத்தில் சீப்புப் பல் தெரியும். கணினியில் மட்டும் தெரிந்து தொலைக்காட்சியில் தெரியவில்லை என்றால் அது கோளாறே இல்லை. கை வைக்காதீர்கள். டிவிடி இந்த அரைப்பட முறையை அப்படியே ஏற்கும். 'டீஇன்டர்லேஸ்' செய்து சுத்தப்படுத்துகிறேன் என்று நீங்கள் ஆரம்பித்தால், நொடிக்கு 50 அசைவுநிலை இருந்த இடத்தில் 25தான் மிஞ்சும்.

தொலைக்காட்சியிலும் கோடு தெரிந்தால், அரைப்படங்கள் கலந்திருக்கும் படத்தைச் சாதாரணப் படம் போல உயரத்தில் சுருக்கியிருக்கிறது. வரிகள் ஒன்றோடொன்று குழம்பிய பிறகு அதைப் பிரிக்க வழியில்லை. மூலத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள். இங்கே மறுமாற்றம் நியாயம்தான். அளவு மாற வேண்டியிருந்தால் முதலில் டீஇன்டர்லேஸ், அப்புறம் அளவு மாற்றம். வரிசை மாறக் கூடாது.

கோடு இல்லை, ஆனால் அசைவு இரண்டடி முன்னே ஒரு அடி பின்னே என்று உதறுகிறது என்றால், எந்த அரைப்படம் முதலில் என்பது தலைகீழாகியிருக்கிறது. டிவி (DV, டிஜிட்டல் வீடியோ) டேப் கேம்கார்டர் பதிவுகளில் கீழ் வரிசைதான் முதலில். வேறு பல மூலங்களில் மேல் வரிசை முதலில். மென்பொருள் மேல் வரிசை என்று தானாக எடுத்துக்கொண்டால் இந்த உதறல் வரும். ஒருமுறை நான் இதை டிஸ்க் கோளாறு என்று நினைத்து வரிசையாக மூன்று டிஸ்க்கை வீணாக்கினேன். முப்பது நொடித் துண்டு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்திருந்தால் முதல் டிஸ்க்கிலேயே பிடித்திருக்கலாம். அன்றிலிருந்து எதையும் முழுசாக மாற்றுவதற்கு முன், அசைவு அதிகமுள்ள ஒரு துண்டை மாற்றிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

அரைப்படமே இல்லாத கைப்பேசி வீடியோவில் சீரான சிறு குதிப்பு தெரிந்தால், 30 ஃபிரேமை 25 ஆக்கியிருக்கிறது. நொடிக்கு ஐந்து ஃபிரேம் தூக்கி எறியப்படுகிறது, கண் அதைக் கவனித்துவிடும். பேசாமல் என்டிஎஸ்சி முறையில் 29.97க்கே செய்துவிடுங்கள். பால் பிளேயர்கள் பெரும்பாலும் என்டிஎஸ்சி டிஸ்க்கை ஓட்டும். மறுபக்கம் அந்தத் தாராளம் குறைவு.

கட்டம் கட்டமாக உடைகிறது, நடுநடுவே திக்குகிறது

ஒவ்வொரு முறையும் அதே நொடியில், எல்லாப் பிளேயரிலும் உடைந்தால் அது மாற்றத்தின் கோளாறு. இடம் மாறி மாறி வந்தாலோ ஒரே ஒரு பிளேயரில் மட்டும் வந்தாலோ டிஸ்க்கைப் படிப்பதில்தான் சிக்கல்.

மாற்றத்தின் கோளாறு இரண்டு எதிர்த் திசையில் வரலாம். பிட்ரேட், அதாவது நொடிக்கு ஒதுக்கும் தரவின் அளவு, போதாமல் கட்டம் தெரிவது ஒன்று. புகை, தண்ணீர், கூட்டம், பழைய டேப்பின் புள்ளி இரைச்சல் எல்லாம் பிட்டைத் தின்னும். இரைச்சலை மெல்ல வடிகட்டிவிட்டு, இரண்டு சுற்று முறையில் (முதலில் அலசி, பிறகு சுருக்கி) மாற்றினால் அதே இடத்துக்குள் படம் கண்ணுக்குத் தெரியும்படி தேறும். மற்றது பேராசை. டிவிடியில் படத்துக்கு உச்சவரம்பு நொடிக்கு 9.8 மெகாபிட், ஒலி உட்பட எல்லாம் சேர்த்து 10.08. தரம் கூடட்டும் என்று அந்த விளிம்பில் வைத்தால், வீட்டில் பர்ன் செய்த டிஸ்க்கைப் பிளேயர் அந்த வேகத்துக்குப் படிக்க முடியாமல் திக்கும். உச்சத்தை 8 அல்லது 8.5இல் நிறுத்துங்கள்.

டிஸ்க்கில் இடம் போதவில்லை

பெட்டியில் 4.7 ஜிபி என்று போட்டிருக்கும், கணினி 4.38 என்று காட்டும். ஏமாற்று இல்லை, ஒருவர் ஆயிரத்தால் எண்ணுகிறார், மற்றவர் 1024ஆல். கணக்கு எளிது. ஒற்றை அடுக்கு டிஸ்க்கில் சுமார் 37,600 மெகாபிட் இடம். அதை வீடியோவின் மொத்த நொடிகளால் வகுங்கள். இரண்டு மணி நேரம் என்றால் 7,200 நொடி, வருவது 5.2. ஒலிக்கு 0.2, அடுக்கும் செலவுக்கு ஒரு 4 சதவீதம் கழித்தால் படத்துக்கு 4.8 மெகாபிட் கிடைக்கும். தாராளம். மூன்று மணி நேரத்துக்கு 3.1தான் வரும். அங்கே முழு அளவில் கட்டம் தெரிந்தால் படத்தை 352க்கு 576 ஆக்குங்கள். டிவிடி விதி அதையும் ஏற்கும். கொஞ்சம் மங்கும், ஆனால் உடைந்த படத்தைவிட மங்கிய படத்தைக் கண் சகித்துக்கொள்ளும். இரட்டை அடுக்கு டிஸ்க் கிடைத்தால் இந்தச் சமரசமே வேண்டாம்.

ஐஎஸ்ஓ கோப்பு, அதாவது முழு டிஸ்க்கையும் அடக்கிய ஒற்றைக் கோப்பு, பென் டிரைவில் ஏற மறுத்தால் அது டிஸ்க் பிரச்சினை இல்லை. ஃபேட்32 முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது.

நிறம் வெளிறிப் போனது

கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால், ஏற்கெனவே 16 முதல் 235 வரை இருந்த ஒளி அளவை 0 முதல் 255 வரை என்று நினைத்து மென்பொருள் மறுபடி ஒருமுறை சுருக்கியிருக்கிறது. கைப்பேசியில் எச்டிஆரில் (ஒளி வீச்சை அதிகம் பதியும் முறை) எடுத்திருந்தால் ஒட்டுமொத்தமாகச் சோகை பிடித்தது போல இருக்கும்; அந்த வீச்சைச் சாதாரணத் திரைக்கு ஏற்பச் சுருக்கும் 'டோன் மேப்பிங்' வடிகட்டியைச் சேர்த்து மாற்ற வேண்டும். வெளிச்சத்தையும் வண்ணத்தையும் கையால் கூட்டிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், ஒரு காட்சிக்குப் பொருந்துவது அடுத்ததற்குப் பொருந்தாது.

தமிழ் வசன வரிகள் உடைந்து தெரிகின்றன

'கொ' என்ற எழுத்தில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் பிரிந்து நின்றால், அல்லது புள்ளிவட்டம் முளைத்தால், வசனத்தைப் படமாக மாற்றும் மென்பொருளுக்குத் தமிழ் எழுத்துகளைக் கோக்கத் தெரியவில்லை. வெறும் கட்டங்கள் என்றால் எழுத்துரு கிடைக்கவில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி ஒன்றைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுங்கள். ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக வந்தால், அந்த வசனக் கோப்பு பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது. முதலில் யூனிகோடுக்கு மாற்றி, யூடிஎஃப்-8 (UTF-8) ஆகச் சேமியுங்கள்.

டிவிடியில் வசனம் எழுத்தாக இருப்பதில்லை, படமாகத்தான் இருக்கிறது. இது தமிழுக்கு ஒரு வகையில் வசதி. ஆதரிங் செய்யும்போது ஒரு தடவை சரியாக வந்துவிட்டால், தமிழே தெரியாத பிளேயரும் அழகாகக் காட்டும். எந்த மென்பொருளிலும் எழுத்து கோக்கவில்லை என்றால், வசன வரிகளை வரையும் லிப்ஆஸ் (libass) நூலகத்தைப் பயன்படுத்தும் மென்பொருளில் வசனத்தைப் படத்தின் மேலேயே பதித்துவிடுங்கள். பிறகு அணைக்க முடியாது, அவ்வளவுதான்.

பாதிவரை நன்றாக ஓடி, கடைசியில் நின்றுவிடுகிறது

டிஸ்க் உள்ளிருந்து வெளி விளிம்பை நோக்கி எழுதப்படுகிறது. மலிவான டிஸ்க்குகளில் பிழை அதிகம் சேர்வது அந்த விளிம்பில்தான். கைரேகையும் அங்கேதான் விழும். முதலில் துடையுங்கள், வட்டமாக அல்ல, நடுவிலிருந்து வெளியே நேர்கோட்டில். அதற்கும் மசியாவிட்டால் அதே ஐஎஸ்ஓவை வேறு பிராண்ட் டிஸ்க்கில், 16 மடங்கு வேகத்தில் எழுதியிருந்தால் 8ஆகக் குறைத்து எழுதுங்கள். மிகக் குறைந்த வேகம்தான் சிறந்தது என்பது எப்போதும் உண்மையில்லை, வேக டிஸ்க்குகள் சில மெதுவாக எழுதினால் இன்னும் மோசமாகும். இம்க்பர்ன் (ImgBurn) என்ற பர்ன் மென்பொருளில் எழுதி முடித்ததும் 'சரிபார்' கொடுத்தால் டிஸ்க்கை மூலத்தோடு ஒப்பிட்டுச் சொல்லிவிடும். விளிம்பைத் தொடாமல் இருக்க, அளவை 4.2 ஜிபியோடு நிறுத்திக்கொள்வது என் வழக்கம்.